காலித் தோட்டா சிக்கி நிற்கிறது: பழைய ஆட்டோ-5-ஐ எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: ஐயா, நான் நெப்ராஸ்காவில் லிங்கன் நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் வயலில் ஃபெசன்ட் பறவை வேட்டைக்கு வைத்திருந்த பிரவுனிங் ஆட்டோ-5 ஷாட்கன்னை எனக்குக் கொடுத்தார். 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு), பெல்ஜியத்தில் செய்தது. சீரியல் எண் 4ஜி என்று தொடங்குகிறது. பல வருடமாக அலமாரியில் நின்றிருந்த துப்பாக்கி. களிமண் தட்டு சுடும் இடத்துக்குக் கொண்டுபோனால், மூன்று நான்கு தோட்டாவுக்கு ஒரு முறை சுட்ட காலித் தோட்டா வெளியே விழாமல் பக்கத் திறப்பில் சிக்கி நிற்கிறது. சில நேரம் கடைசித் தோட்டா சுட்டதும் போல்ட் (குழலின் பின்வாயை மூடும் இரும்புக் கட்டை) திறந்து நிற்காமல் மூடிக்கொள்கிறது. பெரியவர் கொடுத்த பழைய ஃபெசன்ட் தோட்டாக்களைப் போட்டால் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ரேஞ்சில் ஒருவர் ‘உள்ளே இருக்கும் வளையங்களைக் கழற்றிப் போட்டுவிடு’ என்கிறார். இன்னொருவர் ‘நிறைய எண்ணெய் விடு’ என்கிறார். எதைச் செய்யட்டும்? சீசன் தொடங்கினால் வாத்துக்கும் இதையே கொண்டுபோகலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். இரண்டுமே உங்கள் தொல்லையை உடனே தீர்ப்பதுபோலத் தெரியும். துப்பாக்கி வழுக்கிக்கொண்டு ஓடும், தோட்டா எகிறிப் பறக்கும், அவர்கள் சொன்னது சரிதான் என்று தோன்றும். ஒரு சீசனுக்குள் முன்கட்டையில், அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தில், விரிசல் வந்து நிற்கும். அந்த மாதிரி விரிசலோடு என் பட்டறைக்கு வரும் ஆட்டோ-5களில் பெரும்பாலானவை வளையத்தைத் தப்பாக மாட்டியவை, அல்லது எண்ணெயில் குளித்தவை.

உங்களிடம் இருப்பது நல்ல துப்பாக்கி. சீரியலில் உள்ள 4 என்பது 1964ஆம் வருடத்தைக் குறிக்கும். ஜி என்பது எடை குறைந்த 12 கேஜ், ‘லைட் ட்வெல்வ்’ என்று சொல்லுவார்கள். பெல்ஜியத்தில் எர்ஸ்டால் ஊரில் எஃப்என் ஆயுத ஆலையில் செய்தது. பேரலில் (குழலில்) 2¾ அங்குலத் தோட்டா என்று பொறித்திருக்கும், ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு மேல் நீளமான தோட்டா இதில் போகவே கூடாது.

ரேஞ்சில் யோசனை சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கையில் இருப்பது அநேகமாக வாயுவில் ஓடும் துப்பாக்கி. ரெமிங்டன் 1100 வந்த 1963க்குப் பிறகு அந்த வகைதான் எங்கும் பரவியது. அதில் பேரல் அசையாது. பேரலில் உள்ள சிறு துளை வழியாக வரும் வாயு பிஸ்டனைத் தள்ளி போல்ட்டைப் பின்னால் கொண்டுபோகும். ஜான் பிரவுனிங் 1900இல் காப்புரிமை வாங்கிய உங்கள் துப்பாக்கியில் வாயுவுக்கு வேலையே இல்லை. இதில் பேரலே பின்னால் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைப் புரிந்துகொண்டால் தோட்டா ஏன் சிக்குகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுட்டவுடன் பேரலும் போல்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டே, துப்பாக்கியின் நடு உடலான ரிசீவருக்குள் பின்னால் போகின்றன. ஒரு தோட்டாவின் நீளத்தைவிட அதிகமான தூரம். கடைசி வரை போனதும் போல்ட் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும், பேரல் மட்டும் பூட்டை விட்டு முன்னால் திரும்பும். பேரலுக்கு அடியில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசின் குழாயைச் சுற்றியிருக்கும் பெரிய ஸ்பிரிங்தான் அதைத் தள்ளுகிறது. சுட்ட தோட்டாவின் விளிம்பைப் போல்ட்டின் முகத்தில் உள்ள இரண்டு கொக்கிகள் பிடித்துக்கொண்டிருக்கும். பேரல் முன்னால் நகர நகரத் தோட்டா அதிலிருந்து உருவப்படும். பேரலின் பின்நீட்டத்தில், இடது உட்பக்கம், சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் எஜெக்டர். பேரல் முன்னே போகிற வேகத்தில் அந்த நாக்கு தோட்டாவின் விளிம்பில் தட்டும். தோட்டா வலப்பக்கம் வெளியே விழும். அதன் பிறகுதான் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா வந்து போல்ட்டை விடுவிக்கும். அடுத்த தோட்டா இல்லையென்றால் போல்ட் திறந்தே நிற்கும்.

ஆக, இந்தத் துப்பாக்கியில் தோட்டா வெளியே விழுவது போல்ட் பின்னால் வரும்போது அல்ல, பேரல் முன்னால் திரும்பும்போது. பேரல் முழுதாகப் பின்னால் போகாவிட்டாலும் தோட்டா சிக்கும். முழுதாகப் போய், சோம்பலாகத் திரும்பினாலும் சிக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் வளையத்தில் கை வைக்கக் கூடாது.

அதைக் கண்டுபிடிக்க, ரேஞ்சில் மேகசினைக் காலியாக விட்டு, ஒரே ஒரு தோட்டாவை மட்டும் போட்டுச் சுடுங்கள். துப்பாக்கி தோளில் இறுக்கமாக இருக்கட்டும். தளர்வாகப் பிடித்தால் துப்பாக்கி முழுவதும் பின்னால் வரும், பேரலுக்கு ஓட்டம் குறையும், சோதனை பொய் சொல்லும். சுட்டதும் குழலைத் தட்டுகள் பறக்கும் திசையிலேயே வைத்துக்கொண்டு பாருங்கள். போல்ட் மூடிக்கொண்டிருந்தால், அல்லது காலித் தோட்டாவைக் கடித்துக்கொண்டு பாதியில் நின்றால், பேரல் முழு ஓட்டம் ஓடவில்லை என்று பொருள். போல்ட் பின்னால் திறந்து நின்று, தோட்டா உள்ளேயே கிடந்தால் அல்லது உங்கள் காலடியிலேயே சொத்தென்று விழுந்தால், பேரல் திரும்பும் வேகத்தில் கோளாறு, இல்லையேல் எஜெக்டரில் கோளாறு. போல்ட் திறந்து நிற்கிறது, தோட்டா பேரலின் அறையிலேயே (தோட்டா உட்காரும் பின்பகுதி) ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் கோளாறு கொக்கியில் அல்லது அறையில். ஒரே தோட்டாவோடு நிறுத்தாமல், நான்கைந்து முறை செய்து ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் வகைதான். கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் மூடிக்கொள்கிறது, கனமான தோட்டாவில் தொல்லை இல்லை. இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. பெரியவர் ஒன்றேகால் அவுன்ஸ் (சுமார் 35 கிராம்) குண்டு உள்ள ஃபெசன்ட் தோட்டாவுக்கு ஏற்றபடி வளையங்களை மாட்டி வைத்திருப்பார். அவருக்கு அது சரி. நீங்கள் தட்டுக்குச் சுடுவது ஒரு அவுன்ஸ், மிஞ்சினால் ஒன்றேயரைக்கால் அவுன்ஸ் (சுமார் 32 கிராம்). அந்த உதை பேரலைக் கடைசி வரை தள்ளப் போதவில்லை.

ஆனால் வளையத்துக்குப் போகும் முன் அழுக்கைப் பாருங்கள். பல வருடம் நின்ற துப்பாக்கியில் பழைய எண்ணெய் காய்ந்து, மேகசின் குழாய் மேல் பழுப்பு நிற வார்னிஷ் மாதிரி படிந்திருக்கும். பேரலின் ஓட்டத்துக்குப் பிரேக் போடும் வெண்கலத் துண்டு அதில் ஒட்டி ஒட்டித்தான் நகரும்.

கழற்றும் முறை இது. முதலில் துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், அறையிலும் மேகசினிலும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் தோட்டா எதுவுமே இருக்க வேண்டாம். போல்ட்டைப் பின்னால் இழுத்து நிற்க வையுங்கள். பின்கட்டையின் அடியைக் கம்பளத்தில் ஊன்றி, பேரலை ஒரு கையால் பக்கவாட்டில் பற்றிக் கொஞ்சம் கீழே அழுத்துங்கள். குழல் வாய்மேல் உள்ளங்கையை வைக்காதீர்கள், முகத்தையும் அதன் நேரே கொண்டுபோகாதீர்கள். அழுத்திக்கொண்டே முன்மூடியைத் திருகிக் கழற்றினால் முன்கட்டை வந்துவிடும். பிடியை மெதுவாக விடுங்கள், ஸ்பிரிங்கின் விசை பேரலைத் தூக்கும். திறந்து நிற்கும் போல்ட்டுக்கு எதிரே விரலை விட்டுக்கொண்டு பக்கத்துப் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள். விரல் நகம் போகும்.

பேரலைக் கழற்றியதும் உடனே எதையும் உருவாதீர்கள். குழாய் மேல் எந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று முதலில் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். 60 வருடத் துப்பாக்கி, நடுவில் யார் யார் கை பட்டதோ. நான் ஊகித்ததுபோல இல்லாமல், இரும்பு வளையம் தலைகீழாக இருக்கலாம், வெண்கலத் துண்டு இரண்டு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

12 கேஜில், கனமான தோட்டாவுக்கான வரிசை ரிசீவரிலிருந்து முன்னால் இப்படிப் போகும்: பெரிய ஸ்பிரிங், அதன் முன் இரும்பு வளையம், அதன் முன் வெண்கலத் துண்டு, பிறகு பேரலின் வளையம். இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உட்புறம் சரிவாகக் கடைந்திருக்கும். சரிவுப் பக்கம் வெண்கலத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பேரல் பின்னால் வரும்போது வெண்கலத் துண்டு முன்னும் பின்னும் இரண்டு சரிவுகளுக்கு நடுவே நசுங்கி, மேகசின் குழாயைக் கவ்விப் பிடிக்கும். சைக்கிள் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிப்பது மாதிரி. லேசான தோட்டாவுக்கு அந்த இரும்பு வளையத்தை மட்டும் எடுத்து ஸ்பிரிங்கின் பின்னால், ரிசீவர் பக்கம் போட்டுவிட வேண்டும். வெண்கலத் துண்டு முன்னால் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது ஒரு பக்கச் சரிவு மட்டும் அதை அமுக்குகிறது, பிரேக் பாதியாகிறது. எந்த அமைப்பிலும் வளையத்தைத் துப்பாக்கிக்கு வெளியே எடுத்து வைக்கும் பேச்சே இல்லை. 16 கேஜ், 20 கேஜ் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவற்றில் வளையம் வைக்கும் முறை வேறு, அந்தத் துப்பாக்கியின் கையேட்டைப் பாருங்கள்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? துணியில் கரைப்பான் நனைத்து மேகசின் குழாயைத் துடையுங்கள், பழுப்புப் போகும்வரை. துரு இருந்தால் மிக மெல்லிய ‘நாலு பூஜ்ய’ எஃகுக் கம்பளியை எண்ணெயில் நனைத்து லேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம். வெண்கலத் துண்டின் உட்புறத்தையும், அது உட்காரும் பேரல் வளையத்தின் சரிவையும் துடையுங்கள். வெண்கலத் துண்டைச் சுற்றியுள்ள மெல்லிய ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா பாருங்கள். துண்டைக் குழாய் மேல் விட்டால் தானாகச் சரிந்து விழாமல், கையால் தள்ளினால் போகிற அளவு பிடிப்பு வேண்டும். எல்லாம் முடிந்ததும், எண்ணெய் தொட்ட துணியால் குழாயை ஒரு முறை துடைத்து, அதன் மேல் காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். விரலில் பளபளப்புத் தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. அவ்வளவுதான் இதற்கு எண்ணெய்.

‘நிறைய எண்ணெய் விடு’ என்பதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், எண்ணெயில் வெண்கலம் வழுக்கும். பிரேக் இல்லாத பேரல் முழு விசையோடு ரிசீவரில் போய் இடிக்கும். மிச்ச எண்ணெய் முன்கட்டையின் மரத்துக்குள் ஊறி மரத்தை மெத்தென்று ஆக்கிவிடும். அப்புறம் உங்கள் ஊர் நவம்பர் குளிரில் அதே எண்ணெய் கெட்டிப்பட்டுப் பேரலை இழுத்துப் பிடிக்கும். கோடையில் பேரல் இடிக்கிறது, குளிரில் தோட்டா சிக்குகிறது என்று இரண்டு நோய் வந்து சேரும்.

முன்கட்டை கையில் இருக்கும்போதே அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பேரலின் வளையம் உள்ளே ஓடும் இடத்தில் மரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தால், மரம் வீங்கியோ வளைந்தோ பேரலை உரசுகிறது. அந்த உரசலும் ஓட்டத்தைக் குறைக்கும். விரிசல் முன்விளிம்பிலும் ரிசீவரைத் தொடும் பின்விளிம்பிலும்தான் ஆரம்பிக்கும். முடி மாதிரி கோடு தெரிந்தாலும் சுடுவதை நிறுத்திவிட்டு எபாக்ஸி பசை வைத்துச் சரி செய்யக் கொடுங்கள். 1964 மரம் கிடைப்பது லேசு இல்லை.

பெரிய ஸ்பிரிங்கை மேகசின் குழாய் மேல் தளர்வாக விட்டுப் பாருங்கள். நல்ல ஸ்பிரிங் குழாயின் முனையைத் தாண்டி நிற்கும். குழாயைவிடக் குட்டையாகிவிட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். தளர்ந்த ஸ்பிரிங்கால் பேரல் பின்னால் போகும்போது இடிக்கும், முன்னால் வரும்போது சோம்பும். நான் முதலில் சொன்ன இரண்டாவது வகைச் சிக்கல் பெரும்பாலும் இதுதான். வுல்ஃப் மாதிரி நிறுவனங்கள் இதற்குப் புது ஸ்பிரிங் செய்கின்றன, விலையும் பெரிதில்லை. வாங்கும்போது ஆட்டோ-5 லைட் ட்வெல்வ் என்று சொல்லி வாங்குங்கள். ரெமிங்டன் 11 இதன் உடன்பிறப்புதான், 1905இல் இதே காப்புரிமையில் வந்தது. அதற்காக அதன் பாகங்களெல்லாம் இதில் பொருந்திவிடாது.

கழற்றிய பேரலைத் திருப்பி, பின்நீட்டத்தில் உள்ள எஜெக்டரை நகத்தால் ஆட்டிப் பாருங்கள். அது கல் மாதிரி நிற்க வேண்டும். ஆடினால் அதன் ரிவெட் தளர்ந்திருக்கிறது. அதைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். சுத்தியல் எடுத்து நீங்களே தட்ட வேண்டாம். எஜெக்டர் பேரலோடு இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. பெரியவரிடம் இதே துப்பாக்கிக்கு இன்னொரு பேரல் இருந்தால் வாங்கி மாட்டிச் சுட்டுப் பாருங்கள். அதில் சிக்கவில்லையென்றால் குற்றம் முதல் பேரலில் என்று தெரிந்துவிடும். போல்ட்டின் கொக்கிகளுக்கு, சுட்ட தோட்டா ஒன்றின் விளிம்பைப் போல்ட்டின் முகத்தில் கையால் நுழைத்துப் பாருங்கள். தோட்டா தொங்கி விழாமல் நேராக நின்றால் போதும். கொக்கியின் அடியில் கரி அடைத்திருந்தால் பல் குத்தும் குச்சியாலேயே எடுத்துவிடலாம்.

தோட்டாவையும் ஒரு பார்வை பாருங்கள். மலிவான தட்டுத் தோட்டாக்களின் அடிப்பாகம் பித்தளை மாதிரி மின்னும், காந்தத்தை வைத்தால் ஒட்டும். உள்ளே இரும்பு. சுட்டால் விரிந்துவிட்டுப் பித்தளை அளவுக்குச் சுருங்காது, பழைய அறையில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். அறையை 12 கேஜ் வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் விட்டு நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். காந்தம் ஒட்டாத தோட்டா ஒரு பெட்டி வாங்கி ஒப்பிட்டும் பாருங்கள்.

நீங்கள் கை வைக்க வேண்டாத இடம் ஒன்று இருக்கிறது. பின்கட்டைக்குள் ஒரு குழாயில் போல்ட்டை முன்னால் தள்ளும் ஸ்பிரிங் இருக்கிறது. துப்பாக்கியை வாய் மேலாக நிறுத்தி வைத்தால் எண்ணெயெல்லாம் வருடக்கணக்கில் அங்கேதான் வடிந்து பிசினாகும், துருவும் பிடிக்கும். போல்ட் பின்னால் போகும்போது அந்தப் பிசினையும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அலமாரியில் நின்ற துப்பாக்கி என்பதால் எனக்கு அதிலும் சந்தேகம் உண்டு. ஆனால் இதன் திருகுகளின் வெட்டு மிக மெல்லியது, பக்கத்தில் அவற்றைப் பூட்டும் குட்டித் திருகுகள் வேறு. வீட்டு ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை சிதைந்துவிடும். பின்கட்டையும் உலோகத்தோடு இறுக்கமாகப் பொருந்தியது, நெம்பினால் சில்லு பெயரும். மேலே சொன்னதெல்லாம் செய்தும் பேரல் முழு ஓட்டம் ஓடவில்லையென்றால், பட்டறைக்காரரிடம் ‘பின்கட்டை ஸ்பிரிங் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்துகொடுங்கள்’ என்று கேளுங்கள்.

சுத்தம் செய்து மாட்டியதும் முதலில் கனமான அமைப்பிலேயே, நீங்கள் சுடும் தட்டுத் தோட்டாவைப் போட்டு அதே ஒற்றைத் தோட்டாச் சோதனையைச் செய்யுங்கள். அழுக்குப் போனதாலேயே சரியாகிவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். பேரலைக் கடைசி வரை ஓடவிடுகிற அளவில் எவ்வளவு அதிகமாகப் பிரேக் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு அவுன்ஸ் தோட்டா அப்போதும் சிக்கினால் லேசான அமைப்புக்கு மாற்றுங்கள். காலித் தோட்டா நாலைந்து அடி தள்ளி விழுந்தால் போதுமானது. பக்கத்தில் நிற்பவரைத் தாண்டிப் பறந்தால் பிரேக் போதவில்லை. முக்கால் அவுன்ஸ், முக்காலே அரைக்கால் அவுன்ஸ் என்று வரும் மிக லேசான தோட்டாக்களை நம்பி இந்தத் துப்பாக்கியைச் சரிசெய்ய முயல வேண்டாம். அவற்றின் உதை இதற்குப் பற்றாது.

அக்டோபர் கடைசியில் உங்கள் ஊரில் ஃபெசன்ட் சீசன் தொடங்கும். வயலுக்குக் கிளம்பும் முன் வளையத்தைப் பழையபடி கனமான அமைப்புக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோகும் ஆபத்து உண்டு, அதனால் துப்பாக்கிப் பையில் ஒரு அட்டை கட்டி, இப்போது எந்த அமைப்பு என்று எழுதி வைப்பது நல்லது.

வாத்துக்கு இதை எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். எஃகுக் குண்டோடு போகாதீர்கள். 1991 முதல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு தடை என்பதால் கடையில் சட்டென்று கிடைப்பது எஃகுக் குண்டுத் தோட்டாதான். பெல்ஜியத்தில் செய்த ஆட்டோ-5 பேரல்களில் அதைச் சுட வேண்டாம் என்று பிரவுனிங் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஈயத்துக்கு ஏற்ற பழைய சோக் (குழல் வாயில் உள்ள குறுக்கம்) அது, எஃகில் வீங்கிவிடும். பிஸ்மத் என்ற உலோகக் குண்டு விலை அதிகம்தான், ஆனால் மென்மையானது, சட்டப்படியும் செல்லும். 2¾ அங்குலத்தில் வரும் பிஸ்மத் தோட்டாவைத் தாராளமாகப் போடலாம்.

ஒற்றைத் தோட்டாச் சோதனை முடிந்ததும் எழுதுங்கள். போல்ட் திறந்து நின்றதா மூடியதா, தோட்டா எங்கே விழுந்தது, என்ன தோட்டா, எத்தனை அவுன்ஸ், கழற்றியபோது வளையங்கள் எந்த வரிசையில் இருந்தன என்ற படம், இவ்வளவும் இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன்.